இன்னொரு ஜோடி பாக்ஸ் வாங்கலாமா?

ஆவணி முகூர்த்த நாளில் கடலூர் திருவந்திபுரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே இருக்கும் ஔஷதகிரி மலையில் விடியற்காலையிலிருந்தே வரிசையாகத் தாலிகட்டு நடக்கும். ஒரே நாளில் நூறு கல்யாணத்தைத் தாண்டுவதும் உண்டு. சாலை முழுக்க மாலையும் கழுத்துமாக ஜோடிகள்தான். அன்று சாயங்காலம் இவர்களில் பலருக்கு ரிசப்ஷன். மஞ்சக்குப்பத்திலோ, திருப்பாதிரிப்புலியூரிலோ, சிதம்பரத்திலோ ஏதாவது ஒரு சின்ன மண்டபத்தில் நடக்கும்.

அந்த ரிசப்ஷன்களை நம்பித்தான் குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு டாப், ஒரு பேஸ், ஒரு ஆம்ப், ஒரு மிக்சர், ஒரு லேப்டாப். நூறு, நூற்றைம்பது பேர் கூடும் இடத்துக்கு இது போதும். நானூறு பேர் வரும் கல்யாணத்துக்கு ஆர்டர் வரும்போதுதான் தூக்கம் போகிறது. ‘இன்னொரு ஜோடி பாக்ஸ் இருந்தா பிடிச்சிடலாம்’ என்று மனசு சொல்லும். வீட்டம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். தை, மாசியில் ஓடி ஓடிச் சம்பாதிக்கலாம். ஆனால் மார்கழியில் கல்யாணம் கிடையாது. வட்டிக்கு மார்கழி தெரியாது.

அதனால், வளையலைக் கழற்றும் முன் ஒரு சின்னக் கணக்கு. ஆம்ப்பின் வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. கூடுவது 3 டெசிபல்தான். ‘கொஞ்சம் ஏத்தியிருக்காங்க போல’ என்று காது சொல்லும், அவ்வளவே. சத்தம் இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு பவர் தேவை. ஆகவே பாக்ஸ் வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் ‘பீக்’ வாட்ஸைப் பார்க்காமல், ஆர்.எம்.எஸ். வாட்ஸையும், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற எண்ணையும் பார்ப்பது நல்லது. 98 டெசிபல் போட்டிருக்கும் பாக்ஸ் 250 வாட்டில் கொடுக்கும் சத்தத்தை, 95 போட்டிருப்பது கொடுக்க 500 வாட் வேண்டும். கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

சரி, வாங்கிய நாலு பாக்ஸையும் மேடைக்கு இரு பக்கமும் அடுக்கினால் என்ன ஆகும்? முன்வரிசைப் பாட்டி காதைப் பொத்திக்கொள்வார். பின்வரிசைச் சித்தப்பாவுக்கு அப்போதும் வார்த்தை புரியாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைந்துவிடும். மண்டபத்துக்குள் குறைவது கொஞ்சம் மட்டுப்படும்; ஆனால் எதிரொலி சேர்ந்து பேச்சைக் குழப்பிவிடும்.

இதற்கு வழி, சத்தத்தை ஏற்றுவது அல்ல, பிரித்து வைப்பது. இருக்கும் பழைய ஜோடியை விற்காமல், பாதி தூரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி மெதுவாகப் பாட விடலாம். ஒரே ஒரு நிபந்தனை: அதற்கு ‘டிலே’ கொடுக்க வேண்டும். சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 20 மீட்டர் கடக்க 58 மில்லி செகண்ட் ஆகும். அந்த அளவு தாமதம் கொடுக்காவிட்டால் ஒரே வார்த்தை இரண்டு முறை கேட்கும். அவுட்புட்டில் டிலே வசதி உள்ள சின்ன டிஜிட்டல் மிக்சர், பல சமயம் புது ஜோடி பாக்ஸைவிட நல்ல முதலீடு.

ஆட்டத்துக்கு வேண்டியது பேஸ்தான் என்பதும் உண்மை. அதனால் பணம் கொஞ்சம்தான் என்றால் அடுத்த டாப்பைவிட இரண்டாவது பேஸ்தான் முந்திக்கொள்ள வேண்டும். அதே மாடலாக வாங்கி, இரண்டையும் ஆளுக்கொரு பக்கம் பிரிக்காமல் ஒட்டி வைத்தால், ஒன்று மட்டும் இருந்ததைவிட 6 டெசிபல் வரை கூடும். இதில் ஒட்டி வைப்பதற்குச் செலவே இல்லை.

ஆம்ப்பில் வயர் சேர்க்கும்போதுதான் பலருக்குக் கை சுடும். 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். நாலைச் சேர்த்தால் 2 ஓம். ஆம்ப்பின் பின்னால் ‘குறைந்தது 4 ஓம்’ என்று இருந்தால் அது மேளம் முடியும் முன்பே வாசனை விடும். அப்பா காலத்து 100 வோல்ட் லைன் அஹுஜா ஆம்ப் வீட்டில் இருந்தால், அதை டி.ஜே. பேஸுக்கு மாட்டிப் பார்க்க வேண்டாம். தெரு நீளத்துக்கு அறிவிப்புச் செய்ய அதற்கு இன்றும் இணை இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் கரண்ட். பல மண்டபங்களில் பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் இருக்காது. மைக்கைப் பிடித்துப் பாடும் குழந்தைக்கு ஷாக் அடித்தால் எந்த வாட்ஸும் உதவாது. ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் 300-ஐயும் தாண்டலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் ஒரு வோல்டேஜ் கட்-ஆஃபும் போட்ட பெட்டி ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குவதுதான் விரிவாக்கத்தின் முதல் செலவாக இருக்க வேண்டும். பாக்ஸைப் போல இது யார் கண்ணிலும் படாது, அதனாலேயே தள்ளிப்போகிறது.

நானூறு பேர் ஆர்டரை விட்டுவிடவும் வேண்டாம். கூடுதல் சாமானை வாடகைக்கு எடுத்து ஒரு சீசன் ஓட்டிப் பார்க்கலாம். முகூர்த்த நாளில் கடலூரிலும் சிதம்பரத்திலும் எல்லோருக்குமே வேலை இருக்கும் என்பதால் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கொடுத்த வாடகை, பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் வாங்கிவிடலாம். அப்போதும் வளையலைத் தொடாமல் வங்கியில் முத்ரா கடன் கேட்கலாம். ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரையும் அடமானம் இல்லாமல் தருகிறார்கள்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ‘எத்தனை பாக்ஸ் வைப்பீங்க?’ என்பதைவிட ‘மண்டபத்தை வந்து பார்த்தீங்களா தம்பி?’ என்று கேட்டுப் பாருங்கள். இரவு 10 மணிக்கு மேல் வாசிக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். போலீஸ் வந்தால் வண்டியில் ஏறுவது அந்தப் பையனின் ஆம்ப்தான்.

பழைய சாமான் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்வரை போகிறவர்கள், பாட்டுப் போட்டுப் பார்ப்பதோடு திரும்பிவிடக் கூடாது. ஸ்பீக்கர் கோனை நான்கு விரலால் மெதுவாக, நேராக அழுத்தினால் உரசாமல் போய்வர வேண்டும். கர கர என்றால் காயில் போயிருக்கிறது. கடலோரத்தில் ஓடிய பாக்ஸ் என்றால் பின்னால் இருக்கும் டெர்மினலைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கு வாசித்துவிட்டு வருகிறவர்கள், மறுநாள் காலையிலேயே கனெக்டர்களை ஈரமில்லாத துணியால் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து வைத்தால் அடுத்த வருஷமும் அதே வயரில் ஓட்டலாம்.