புகை குடித்தால் பிள்ளைக்குத் தெம்பு வராது

போன வாரம் ஒரு வளைகாப்பு. மண்டபத்தின் பின்வாசலில் எச்சில் இலை, தண்ணீர் பாட்டில், தெர்மோகோல் எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி இருமிக்கொண்டே முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பக்கத்திலிருந்த பெரியம்மா அவள் கையை விலக்கிவிட்டார். "இதெல்லாம் பட்டாத்தான்டி பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி வரும். நான் விறகடுப்பு ஊதி ஊதியே நாலு பெத்தேன்." படித்தவர்கள் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கிருமி வேறு, நஞ்சு வேறு. கிருமி நுழைந்தால் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்துகொள்ளும். தடுப்பூசி வேலை செய்வதும் அப்படித்தான். கரித்தூளுக்கும் பாதரசத்துக்கும் எதிர்ப்பொருள் செய்யும் உடம்பு எந்தத் தாய்க்கும் கிடையாது. பழகிவிட்டது என்கிறோமே, பழகியது மூக்கு மட்டும்தான். நுரையீரலும் கருப்பையும் பழகுவதில்லை.

ஃபாரோ தீவுகளைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, கடற்காற்று வீசும் சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். நம் ஊர் அளவுக்குப் புகை அங்கே இருக்காது; ஆனால் வேறு வகை நஞ்சு உண்டு. அங்கே பிறந்த சுமார் அறுநூறு குழந்தைகளை ஆய்வாளர் பிலிப் கிராண்ஜீன் குழுவினர் ஆண்டுக்கணக்கில் கவனித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டாத வாணலி, நீர் ஒட்டாத துணி, உணவுப் பொட்டலக் காகிதம் ஆகியவற்றுக்குப் பயன்படும் பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனம் ஐந்து வயதில் ரத்தத்தில் இரட்டிப்பாக இருந்தால், ஏழு வயதில் தடுப்பூசி தந்த எதிர்ப்பொருள் 49 சதவீதம் குறைவாக இருந்தது. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் முறையாக ஊசி போட்ட பிள்ளைகள் அவர்கள். கர்ப்பத்தின்போது தாயின் ரத்தத்தில் அந்த ரசாயனம் கூடுதலாக இருந்தாலும், பிள்ளைக்கு ஐந்து வயதில் தொண்டை அடைப்பானுக்கான எதிர்ப்பொருள் குறைந்தே இருந்தது. நஞ்சு எதிர்ப்புச் சக்தி தரும் என்றால், ஃபாரோ பிள்ளைகளுக்கு அது கூடியிருக்க வேண்டாமா?

நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று இன்னொரு சமாதானம். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியில் பிள்ளை இருக்கும் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டதாக 2019இல் அறிவித்தார்கள். தமிழ்நாட்டிலும் 1,285 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. காற்றில் நுண்துகள் கூடக்கூடப் பிறப்பு எடை குறைகிறது. பெரியம்மா நாலு பெற்றது உண்மைதான். அந்தத் தலைமுறை பெற்றுப் பறிகொடுத்த பிள்ளைகளின் கணக்கை எந்த வளைகாப்பிலும் யாரும் சொல்வதில்லை.

கர்ப்பிணிக்குப் பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, கிரகணத்தில் வெளியே வரக் கூடாது. தடையெல்லாம் அவளுக்கு. வாசலில் நின்று சிகரெட் பிடிக்கும் கணவனுக்கு ஒரு தடையும் இல்லை. கதவை அடைத்துக் கொசுவத்தி ஏற்றுகிறோம். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வருகிறோம். பிறகு எதிர்ப்புச் சக்தி தரும் என்று டப்பாவில் விற்கும் பொடியை வாங்கிப் பாலில் கலக்கிக் கொடுக்கிறோம். குப்பையைத் தெருவில் எரிக்கக் கூடாது என்று 2016லேயே விதி வந்தாயிற்று. எந்தத் தெருவில் அது நடப்புக்கு வந்திருக்கிறது?

மறுபடியும் ஃபாரோவுக்கே வருகிறேன். பைலட் திமிங்கிலம் அங்கே நூற்றாண்டுகளாகச் சாப்பிடும் உணவு. அதில் பாதரசமும் பிற நஞ்சுகளும் சேர்ந்திருப்பதைக் கண்டு, மனிதர் உண்ண இனி அது தகாது என்று 2008இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகளே சொன்னார்கள். பரம்பரைச் சாப்பாடு, பழகிய உடம்பு என்று அவர்கள் மழுப்பவில்லை. நம் மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? மாதாமாதம் பரிசோதனைக்கு வருபவளிடம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். வீட்டில் என்ன அடுப்பு, தெருவில் என்ன எரிகிறது, யார் புகைக்கிறார்கள் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கேளுங்கள் டாக்டர். கூட வந்த கணவனையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.