குண்டுக்கு நிறம் தெரியுமா?

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், கறுப்பர் பட்டாளமாகிய மாஸசூஸெட்ஸ் 54-வது பட்டாளத்திலிருந்த ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்பவர், தாம் குடியிருந்த நியூ பெட்ஃபோர்டு ஊர்ப் பத்திரிகைக்குப் போர்க்களத்திலிருந்து கடிதங்கள் எழுதி வந்தார். 1863 ஜூலையில் அப்பட்டாளம் வாக்னர் கோட்டையைத் தாக்கி ரத்தம் சிந்திற்று. கிடைத்த மரியாதை என்ன? வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பருக்கோ 10 டாலர், அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம்! சண்டைக்கு முன்வரிசை, சம்பளத்துக்குப் பின்வரிசை என்பது எந்த ஊர் நியாயமென்று கேட்கின்றோம்.

வீட்டில் பெண்டு பிள்ளைகள் வறுமையில் வாடியும் அவர்கள் அப்பணத்தைத் தொடவில்லை. குறையைத் தாங்கள் ஈடுசெய்வதாக மாகாணத்தார் முன்வந்தும் மறுத்துவிட்டார்கள். தாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்று கூடிங் அவ்வாண்டு செப்டம்பரில் ஜனாதிபதி லிங்கனுக்கே எழுதினார். 1864 ஜூனில் சம சம்பளச் சட்டம் பிறந்தது. எதிரியிடம் சிறைப்பட்டிருந்த கூடிங் மறுமாதமே ஆண்டர்சன்வில் முகாமில் மாண்டார். கொடுத்ததை வாங்கிக் கும்பிடு போட்டிருந்தால் அச்சட்டம் வந்திருக்குமா?