விண்ணின் விளைச்சல் யார்க்கு?

கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் இரவில் நின்று ஏறிட்டு நோக்குவார்க்கு விண்மீன்கள் கைக்கெட்டும் தொலைவில் இருப்பன போலத் தோன்றும். அவ் விண்ணை வெறுங் காட்சிப் பொருளாகக் கருதாமல், தொழில் நடக்குங் களமாகவும் மின்னாற்றல் விளையும் வயலாகவும் எண்ணிய தமிழர் ஒருவர் நம்மிடை வாழ்ந்தார். அவர்தாம் அப்துல் கலாம்.

அவரைக் குடியரசுத் தலைவராக அறிந்தவர் பலர். ஏவூர்திப் பொறிஞராக அறிந்தவர் சிலர். விண்வெளித் தொழில்பற்றி அவர் கண்ட கனவை அறிந்தவரோ மிகச் சிலர். 1963-இல் தும்பாக் கடற்கரையினின்று முதல் ஏவூர்தி எழுந்தபோது அப் பணியில் நின்ற இளம்பொறிஞருள் அவரும் ஒருவர். அவர் இயக்குநராயிருந்த எசு.எல்.வி.-3 திட்டத்தின் முதல் ஏவூர்தி 1979-இல் கடலில் வீழ்ந்தது. அடுத்தது 1980 சூலை 18-ஆம் நாள் உரோகிணி என்னும் செயற்கைக் கோளை விண்ணில் நிறுத்தியது. அக் கோளின் எடை 35 கிலோ. அத்துணைச் சிறு பொருளை ஏற்றுதற்கே எத்துணை உழைப்பு வேண்டும் என்பதைப் பட்டறிந்தவரின் கனவை வெறும்பேச்சென்று தள்ளுதற்கில்லை.

அக் கனவுதான் யாது? ஏவுஞ் செலவைப் பன்மடங்கு குறைத்தல். பழுதுற்ற செயற்கைக் கோள்களை விண்ணிலேயே திருத்தி எரிபொருள் ஊட்டும் நிலையங்கள் அமைத்தல். நிலாவின் கனிமங்களைப் பயன்கொள்ளல். இவற்றுக்கெல்லாம் மேலாக, கதிரொளியை விண்ணிலேயே மின்னாக்கி நுண்ணலையாக நிலவுலகிற்கு அனுப்புதல். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் முகில் இல்லை. ஆண்டின் சில நாள்களில் சிறுபொழுது தவிர இரவும் இல்லை. 2010 நவம்பரில், தம் 79-ஆம் அகவையில், அமெரிக்க விண்வெளிக் கழகம் ஒன்றுடன் இணைந்து இதற்கென ஒரு முயற்சியையே அவர் தொடங்கினார்.

கனவு பெரிது, வரவேற்கின்றோம். ஆனால், விளைச்சல் யார்க்கு? ஒரு நாடும் நிலாவைத் தன்னுடைமை ஆக்கலாகாது என்று 1967-ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தம் கூறுகின்றது. அங்கே அகழ்ந்தெடுப்பதை எடுத்தவரே உடைமையாகக் கொள்ளலாம் என்று 2015-இல் அமெரிக்கா தன் குடிமக்கட்குச் சட்டம் இயற்றிக் கொடுத்தது. நிலம் பொது, கனிமம் வலியவனுக்கு! இது நாம் அறியாத கதையா?

இக் கொல்லிமலையைக் கேளுங்கள். இந்நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கு அகழ்ந்த அலுமினியக் கனிமம் சரக்குந்துகளில் இறங்கி மேட்டூர் ஆலைக்குச் சென்றது. மலைமக்களுக்கு எஞ்சியவை கூலியும் குழிகளும். மண்ணின் செல்வத்தில் உரிமையற்றிருந்தவன் விண்ணின் செல்வத்தில் எங்ஙனம் பங்கு பெறுவான்?

மகேந்திரகிரியில் ஏவூர்திப் பொறிகள் ஆய்வு செய்யப்படுகின்றன. குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. இரண்டும் தமிழ்மண். மண்ணைக் கொடுத்தால் மட்டும் போதுமா? அத் தொழிலின் அறிவும் நம் கைக்கு வரல் வேண்டும். அதற்கு ஏவூர்தி நூல்கள் தமிழில் எழுதப்படல் வேண்டும். அவை குண்டூர் நாட்டுப் பள்ளிப் பிள்ளையின் கையையும் எட்டல் வேண்டும்.

இராமேசுவரத்துப் படகுக்காரர் மகன் விண்ணை அளந்தார். கொல்லிமலை உழவர் மகளும் அளப்பாள்; வழியை நாம் திறப்போம்!