கணக்கு வராத பிள்ளை மக்கு அல்ல!

"எட்டும் ஏழும் எத்தனைடா?" என்று அப்பா கேட்கிறார். பையன் விரலை மடக்குகிறான். "நாலாம் கிளாஸ் வந்தும் விரலா?" என்று முதுகில் ஒன்று விழுகிறது. நெய்வேலியில் எந்த வட்டத்திலும் நடக்கிற காட்சிதான் இது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்குப் பொறுமை ஏது?

ஆனால் அடி வாங்கும் அந்தப் பிள்ளை சோம்பேறி அல்ல. அவன் மூளை மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகவே உழைக்கிறது!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வினோத் மேனன் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துக் கூட்டல் கணக்குக் கொடுத்தார்கள். கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு மூளையில் பல இடங்கள் தேவைக்கு மேல் வேலை செய்தன. சுரங்கத்துக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கிடைக்கிற நிலக்கரி ஒரே அளவுதான். இவன் மட்டும் மேல்மண்ணைக் கூடுதலாக அள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளைகளை 8 வாரம் தனித்தனியே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது அவர்கள் மூளையும் மற்றவர்களுடையதைப் போலவே வேலை செய்தது. கணக்கும் வந்தது! மருந்து இல்லை, மாத்திரை இல்லை. சின்ன ஆய்வுதான். எல்லாப் பிள்ளைக்கும் 8 வாரம் போதும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்காக, கும்பலாக உட்கார வைத்து நடத்தும் டியூஷனுக்குப் பணம் கட்டிவிட்டு "நம்ம கடமை முடிஞ்சுது" என்று இருந்துவிடலாமா?

கணக்கில் தடுமாறும் எல்லோருக்கும் குறைபாடு என்று சொல்லவில்லை. சிலருக்குப் பயம். சிலருக்கு அடிப்படையைச் சரியாகச் சொல்லித்தரவில்லை. எது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 'டிஸ்கால்குலியா' என்னும் கணக்குக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கற்றல் குறைபாட்டைப் பள்ளியிலேயே சீக்கிரம் கண்டுபிடித்து, தகுந்த முறையில் சொல்லித்தர வேண்டும் என்கிறது.

நெய்வேலியில் பள்ளிகள் இருக்கின்றன. நிறுவனத்தின் பொது மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மாதம் ஒருநாள் அங்கே சோதனை வைக்கலாம். பள்ளிக்கு இரண்டு ஆசிரியருக்குப் பயிற்சி தரலாம். மலை மலையாக மண்ணை அள்ளிக் கொட்டும் ஊருக்கு இது ஒரு செலவா? மூன்றாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் சர்டிபிகேட்டுக்காக அப்பாவும் பிள்ளையும் பஸ் ஏறி அலைய வேண்டாம்.