பழங்காரின் எண்ணெய்க் குழாய்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரொன்றை விற்க வருகிறவர், தொழிற்சாலையில் பூட்டியது பூட்டியபடியே இருக்கிறது என்று சாதிக்கும்போது, அந்த வார்த்தையைப் பரீட்சித்துப் பார்க்க விரும்புகிறவர் வர்ணத்தையும் ஆசனத் தோலையும் கண்டு மயங்காமல், தரையில் படுத்து அதன் எண்ணெய்க் குழாய்களைப் பார்க்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். வர்ணத்தைப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம், தோலைப் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் எவர் கண்ணிலும் படாத இடத்தில், சேறும் கல்லும் நித்தமும் அடிக்க, அரை நூற்றாண்டாகச் சூடான ஆயிலைச் சுமந்துவரும் குழாயை அலங்கரிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

மெல்போர்ன் புறநகரான எங்கள் கிரான்பர்னைக் கடந்து செல்லும் தென் கிப்ஸ்லாந்து நெடுஞ்சாலை, பிலிப் தீவின் பந்தயப் பாதைக்குப் போகும் வழி. ஆகையால் மார்ச் மாதத்தில் அங்கே பழங்கார்ப் பந்தயம் நடைபெறும் சமயத்தில், டிரெய்லர்களில் ஏறியும் தாமே ஓடியும் செல்லும் இத்தகைய வாகனங்களை இவ்வூர்வாசிகள் வீதியோரத்தில் நின்றே காணலாம். அவற்றுள் போர்ஷே 911 என்ற காரை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நார்மன் ஹாமில்டன் என்ற மெல்போர்ன்வாசி 1951ஆம் ஆண்டிலேயே இரண்டு போர்ஷே 356 கார்களை இந்நகருக்கு வருவித்தவராதலால், போர்ஷே கம்பெனிக்கும் எங்களுக்கும் உள்ள சம்பந்தம் பழையது.

சாதாரணக் காரில் எஞ்சினுக்கு அடியிலுள்ள சம்ப்பிலேயே ஆயில் தங்கி நிற்கும். அந்தக் கால 911இலோ எஞ்சின் காரின் வால்பக்கத்தில் இருக்கிறது. அதைக் குளிர்விப்பதற்குத் தண்ணீர் கிடையாது, காற்றும் ஆயிலும்தான். ஆயிலுக்கென்று தனித் தொட்டியொன்று வலப்புறப் பின்சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. வேகம் மிகுந்த 'எஸ்' ரகத்துக்கு 1969ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து வலப்புற முன் மட்கார்டுக்குள் ஒரு கூலரையும் வைத்தார்கள். எனவே ஆயில் காரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கான நீண்ட உலோகக் குழாய்கள் வலப்புறக் கதவுக்குக் கீழே, வெயிலும் மழையும் படும் இடத்தில் ஓடுகின்றன.

அசல் குழாயை இனங்காண்பதற்கு முதலில் எண்ணைத் தேட வேண்டும். போர்ஷே பாகங்களின் எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் எந்த மாதிரிக்கென்று அந்தப் பாகம் முதன்முதலில் வகுக்கப்பட்டதோ அதைக் குறிக்கும். அடுத்து 207 என்று வந்தால் அது ஆயில் சம்பந்தப்பட்ட பாகம். இறுதி இலக்கங்கள் பிற்காலத் திருத்தங்களைக் காட்டும். 911இன் அடியில் 901 என்று தொடங்கும் எண்ணைக் கண்டு, இது வேறு காரின் உதிரிப்பாகம் என்று சிலர் பதறிப்போகிறார்கள். பதற வேண்டியதில்லை. அந்தக் காருக்கு முதலில் இட்ட பெயரே 901தான். நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தமக்கே உரியவை என்று பிரான்சின் பேஜோ கம்பெனி 1964இல் ஆட்சேபித்ததனால் காரின் பெயர் மாறிற்று. பாகங்களின் எண்கள் மாறவில்லை.

எண் அழிந்துபோயிருந்தால் கண்ணையும் விரலையும் நம்ப வேண்டியதுதான். யந்திரம் வளைத்த வளைவில் குழாயின் வட்டம் கெடாமல் இருக்கும். பட்டறையில் கையால் வளைத்ததில், வளைவின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் சிறு சுருக்கங்கள் தட்டுப்படும். ரப்பர் ஹோஸ் உலோகத்தோடு சேருமிடத்தில் அசலானால் அழுத்தி நசுக்கிய உலோக வளையம் இருக்கும்; அங்கே திருகு வைத்த கிளிப் இருந்தால், பிற்காலத்து மெக்கானிக் யாரோ கை வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் அழுக்குப் படியாத பட்டையொன்று தெரிந்தால், அக்குழாய் நெடுங்காலம் அங்கேயே கிடந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டாம். 1972ஆம் ஆண்டு மாதிரியில் மட்டும் ஆயில் தொட்டியைச் சக்கரத்துக்கு முன்னே நகர்த்தி, காரின் வெளிப்பக்கத்திலேயே அதற்கு ஒரு மூடியும் வைத்தார்கள். பங்கில் பெட்ரோலை அதற்குள் ஊற்றிவிட்டார்கள் என்பதனால்தான் மறு ஆண்டே பழைய இடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்வதுண்டு. அவ்வோராண்டுக் குழாய்கள் மற்ற ஆண்டுகளின் கார்களுக்குப் பொருந்தா. ஆகவே அவற்றைக் குப்பையில் எறிவது பெரும் நஷ்டம்.

ஆனால் அந்த நஷ்டம் அன்றாடம் நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பிந்திய மாதிரிகளில், சூடான ஆயிலைக் கூலருக்குத் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட்டின் உடல் அலுமினியம். குழாயின் நட்டு வேறு உலோகம். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டும் அரித்து ஒட்டிப்போய், ஸ்பேனருக்கு அசைவதில்லை. பொறுமையுள்ளவர் நட்டை மட்டும் நீளவாக்கில் அறுத்துக் குழாயைக் காப்பாற்றுகிறார்; அவசரக்காரர் குழாயையே அறுத்துவிடுகிறார்.

இதனால் எல்லாவற்றையும் பழையபடியே வைத்து ஓட்ட வேண்டும் என்று நான் வாதிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். ரப்பருக்கு ஆயுள் உண்டு. வெடித்த ஹோஸிலிருந்து ஆயில் சூடான எக்ஸாஸ்டின் மீது சிந்தினால் தீப்பிடிக்கும். விக்டோரியா மாநிலத்தில் 25 ஆண்டைத் தாண்டிய வாகனத்துக்கு, ஆண்டில் 45 அல்லது 90 நாட்கள் ஓட்டிக்கொள்ள கிளப் பெர்மிட் கிடைக்கிறதென்றால், அது பத்திரமாக ஓடத்தக்க வாகனத்துக்கே. ஆஸ்பெஸ்டாஸ் ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் அடியோடு தடை செய்யப்பட்டிருப்பதால், வெளிநாட்டிலிருந்து பழங்காரை வருவிப்பவர் அசல் பிரேக் லைனிங்கையும் காஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே களைந்தாக வேண்டியிருக்கிறது. இவற்றை நான் முழு மனத்தோடு ஆமோதிக்கிறேன். நான் கேட்பதெல்லாம், மாற்றியதை மாற்றினோம் என்று எழுதி வையுங்கள் என்பதே.

இந்த நியாயம் தமிழருக்குப் புதிதன்று. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ஆணையிட்ட முதலாம் ராஜராஜன், பிரிப்பதற்கு முன்னால் அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தான். அவை ராஜேந்திரன் காலத்தில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. பழங்கார்ச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு நம் காலத்தில் வகுத்த டூரின் சாசனமும், மாற்றிய பாகங்களுக்கு அடையாளமிடவும், கழற்றிய அசலைக் காரோடு சேர்த்து வைக்கவும் சொல்கிறது. புதிதாகச் செய்த குழாய்க்கு மஞ்சள் முலாம் பூசி, அழுக்கும் தேய்த்து, அசல் என்று விற்கிறவர் வாங்குகிறவரை மட்டும் வஞ்சிக்கவில்லை. அந்தக் காரின் சரித்திரத்தையே கெடுக்கிறார்.

ஆகவே கிரான்பர்னிலும், கோயம்புத்தூரிலும், சென்னையிலும் பழங்கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கும், அவற்றைச் செப்பனிடும் நம் இளம் மெக்கானிக்குகளுக்கும் என் வேண்டுகோள் இது: கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், புதிய குழாயில் அது செய்யப்பட்ட ஆண்டைப் பொறியுங்கள், பழைய குழாயில் ஒரு சீட்டைக் கட்டிவைத்து, காரை விற்கும் நாளில் அதைச் சாவியோடு சேர்த்து அடுத்தவர் கையில் கொடுங்கள்.