மணலுக்கு உரியவர் யார்?

வணிகப் பெருமக்களே! விற்பவன் சரக்கின் மதிப்பை அறியாவிட்டால், வாங்குபவன் சொல்வதே விலை. மணவாளக்குறிச்சி மணலே இதற்குச் சாட்சி.

திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டே ஜெர்மானியர் ஷோம்பர்க் இங்கு வந்து, 1909-ல் மோனசைட்டைக் கண்டறிந்தார் என்பர். அதிலுள்ள தோரியம் அன்று காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. முதல் உலகப்போரில் தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1960-களில் மத்திய அரசு நிறுவனத்திடம் வந்தது. உரிமையாளர்கள் மாறினார்கள். கரையில் வாழ்பவரை யார் கேட்டார்கள்?

கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மக்கள் 2024-ல் எதிர்த்தனர். அவர்கள் நம் வாடிக்கையாளர்கள். அவர்கள் பிழைப்பு கெட்டால் நம் கடன் பாக்கியும் வசூலாகாது. எவ்வளவு மணல், எத்தனை ஆண்டு, ஊருக்கு என்ன பங்கு? எழுத்தில் பதில் தராமல் ஒரு பிடி மணலும் போகக்கூடாது. இதைக் கேட்க வேண்டியது நம் கடமையுமாகும்.