"கூகுள்ல ஒண்டுமே இல்ல சேர்"



பத்தாம் தரப் பிள்ளைகளிடம் ஊர் வரலாறு எழுதிவரச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து வந்து, "கூகுள்ல ஒண்டுமே இல்ல சேர்" என்றார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் வெறிச்சோடின. அந்த ஊர்களின் பிள்ளை வந்து "இல்லை" என்று சொல்லும்போது நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. பிழை பிள்ளையில் இல்லை. தேடச் சொன்ன நாம், எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

சும்மா இரண்டு சொல்லை அடித்தால் கூகுள் அதற்குக் கிட்டவாக உள்ள எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டும். ஊரின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே சொல் உள்ள பக்கங்களைத்தான் தேடும். ஆனால் நமது ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நிலையான எழுத்துக்கூட்டல் இல்லையே! நீராவிப்பிட்டியை ஒருவர் டபிள் டி போட்டு எழுதுவார், இன்னொருவர் டபிள் ரி போட்டு எழுதுவார். தண்ணீரூற்றுக்கோ ஆளுக்கொரு எழுத்து. அதனால் தெரிந்த எழுத்துகளையெல்லாம் தனித்தனி மேற்கோளுக்குள் போட்டு, நடுவே ஆங்கில 'ஓர்' என்பதைக் கப்பிட்டல் எழுத்தில் அடிக்க வேண்டும். ஒரே தேடலில் எல்லாம் வரும்.

வடக்கு முஸ்லிம்கள் என்று தேடினால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் கதைதான் முன்னுக்கு வருகிறது. யாழ்ப்பாணம் என்ற சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டுப் பாருங்கள், முல்லைத்தீவும் வவுனியாவும் மேலே வரும். இரண்டையும் சேர்த்து எழுதிய நல்ல கட்டுரைகளும் அதில் மறைந்துவிடும் என்பதால் ஒருமுறை போட்டும் ஒருமுறை போடாமலும் தேடுவதே நல்லது.

அரசாங்க ஆவணம் வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் 'சைட்', முக்காற்புள்ளி (:), அதோடு ஒட்டி 'ஜிஓவி டொட் எல்கே'. பரீட்சைத் திணைக்களத்தின் தளமோ 'டொநெட்ஸ் டொட் எல்கே' என்று தனியாக இருக்கிறது. 'பைல்டைப்', முக்காற்புள்ளி, 'பிடிஎப்' என்றும் சேர்த்தால் அறிக்கைகளும் வினாத்தாள்களுமே வரும். கொமினிகேசனில் காசு கொடுத்து வாங்கும் கடந்தகால வினாத்தாள்களில் பல இப்படி இலவசமாகவே கிடைக்கும். வட்ஸ்அப்பில் வரும் சுற்றறிக்கை மெய்யா பொய்யா என்று பார்க்கவும் இதுவே வழி. பகிர முன்னர் ஒரு நிமிடம் செலவழிக்கலாமே.

2005-ல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் மலர்களும் பத்திரிகைகளும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல பக்கங்கள் படமாக எடுக்கப்பட்டவை. உள்ளே உள்ள வரியைத் தேடினால் எப்போதும் கிடைக்காது, நூலின் பெயரையோ எழுதியவரின் பெயரையோ தேடிப் பார்ப்பது நல்லது.

இனி நமக்குக் கோபம் வருகிற இடம். நமது அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பலர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். நமது கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அப்படிப்பட்ட பிடிஎப்பைத் தமிழில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. வேறு வழியில்லாமல் அந்த ஆங்கில எழுத்துகளையே மேற்கோளுக்குள் அடித்துத் தேடி, சில ஆவணங்களை எடுத்திருக்கிறோம். தமிழில் வெளியான ஆவணத்தைத் தமிழன் தமிழில் தேடி எடுக்க முடியாதென்றால், அதை வெளியிட்டு என்ன பயன்? யுனிகோடில் அடித்துத் தாருங்கள் என்று அலுவலகங்களிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அலுவலகத்தை மட்டும் சொல்லி நாம் தப்பவும் முடியாது. பள்ளிவாசல் அறிவித்தலையும் பாடசாலை விழாச் செய்தியையும் படமாகத்தானே போடுகிறோம்? பத்து வருடம் கழித்து அதை யார் தேடி எடுப்பது? படத்துக்குக் கீழே நான்கு வரி எழுத்தாகவும் போடுவோம்.

பெரியவர்களிடம் ஓர் உதவி. உங்கள் பழைய காணி உறுதியிலும் பேமிட்டிலும் ஊரின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். பெயர் மட்டும் போதும், ஆவணத்தைப் படம் பிடித்துப் போட வேண்டாம். அந்த எழுத்துகளையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மறுபடி தேடப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.